இரைச்சல் என்ற ஃபோல்டர்

அழித்துவிடு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். கலீல் சொல்லிவிட்டான், ஆவுடையப்பன் சார் சொல்லிவிட்டார், இந்தக் கம்ப்யூட்டரும் காலையிலிருந்து மூலையில் ஒரு சிவப்புக் கட்டத்தைக் காட்டிக் காட்டி இடமில்லை, இடமில்லை என்கிறது. ஆனாலும் விரல் அந்தப் பொத்தானின் மேல் போய் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. பயம் என்று சொல்ல முடியாது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு எப்போதும் வருகிற ஒரு மந்தம், சாளை மீன் குழம்பும் சோறும் வயிற்றில் கனக்க, மின்விசிறிக் காற்று பிடரியில் விழ, எதைச் செய்தாலும் கொஞ்சம் கழித்துச் செய்யலாமே என்று தோன்றுகிற நேரம். அலுவலகத்தில் யாருமில்லை. அலுவலகம் என்பது தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஒரு வீட்டு மாடி, இரண்டு அறை, துருப்பிடித்த ஜன்னல் கம்பி, எத்தனை தரம் துடைத்தாலும் மேசையில் படிகிற உப்புப் பிசுபிசுப்பு. ஆவுடையப்பன் சார் எங்கள் வேலையைப் பார்வையிடச் சென்னையிலிருந்து வருகிறவர்களை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார். சாயங்காலம் அவர்களுக்கு நாங்கள் எங்கள் புரோகிராமின் புது வெர்ஷனை ஓட்டிக் காட்ட வேண்டும். அது ஓட வேண்டுமானால் டிஸ்க்கில் இடம் வேண்டும், இடம் வேண்டுமானால் குப்பை போக வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மெல்டா, அழுத்து.

நாங்கள் ஆவுளியாவைத் தேடுகிறவர்கள். கடல்பசு என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும், எங்கள் பக்கம் ஆவுளியா. தீவுகளுக்குப் பக்கத்தில் கடல்புல் வளர்கிற இடங்களில் ஒலிப்பதிவுக் கருவிகளை இறக்கி வைக்கிறோம், அவை ராவும் பகலும் தண்ணீரைக் கேட்டுக்கொண்டே கிடக்கும், எடுத்து வந்து இந்தக் கம்ப்யூட்டரில் போட்டால் கலீல் எழுதிய புரோகிராம் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டு, ஆவுளியா கீச்சிட்ட இடங்களை மட்டும் பொறுக்கித் தரும். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் குரல், அணில் மாதிரி. மற்றதெல்லாம் இரைச்சல். படகு எஞ்சின், அலை, இறால்கள் கொடுக்கைச் சொடுக்குகிற படபடப்பு, கருவியைக் கட்டிய கயிறு இழுபடுவது. புரோகிராம் இருக்கிற ஃபோல்டரை கிட் என்று ஒன்று காவல் காக்கிறது. முதன்முதலில் கலீல் எனக்கு அதை விளக்கியபோது நான் அசந்துபோனேன், இப்போதும் நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. இந்த ஃபைலைப் பார்த்துக்கொள் என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அதில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அதற்குத் தெரியும், போன வருஷம் இது எப்படி இருந்தது என்று கேட்டால் அப்படியே எடுத்துத் தரும், தவறி அழித்தாலும் இந்தா என்று திருப்பிக் கொடுக்கும். ஆனால் சொல்லாத ஃபைல்கள் என்று சில இருக்கும், அதே ஃபோல்டரில்தான், பக்கத்துப் பக்கத்தில்தான், ஆனால் யாரும் அதனிடம் சொல்லவில்லை. அவற்றை அது அன்ட்ராக்டு என்று கூப்பிடும். பார்க்கும், இருக்கிறது என்று சொல்லும், பொறுப்பு எடுத்துக்கொள்ளாது. அவற்றை மொத்தமாகக் கூட்டித் தள்ள ஒரு கட்டளை உண்டு, கிட் க்ளீன். அதோடு ஒரு எழுத்தைச் சேர்த்தால் சும்மா சொல்லிக் காட்டும், இதை நீக்குவேன், இதை நீக்குவேன் என்று. இன்னோர் எழுத்தைச் சேர்த்தால் நிஜமாகவே நீக்கிவிடும், குப்பைத்தொட்டிக்குக் கூடப் போகாது, இருந்தது என்பதற்கு ஒரு தடயமும் வைக்காது. நான் சொல்லிக்காட்டச் சொன்னேன். சொல்லிக்காட்டியது. உருப்படியாக எதுவுமில்லை, பழைய படங்கள், பாதியில் நின்ற சோதனைகள், கலீலின் ஏதோ தற்காலிக ஃபைல்கள், கடைசியில் இரைச்சல் என்று ஒரு ஃபோல்டர். இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருப்பது அதுதான். போன மாதம் கலீல் சென்னையில் வேலை கிடைத்துப் போனான், காலையில் அவனுக்கு வாட்ஸாப்பில் கேட்டேன், இது என்ன தம்பி என்று. புரோகிராம் வேண்டாம்னு ஒதுக்கினதுக்கா, ஆழத்துப் பக்கம் ஒரு கருவி இறக்கினோமே அதுல வந்தது, வெறும் இரைச்சல்தான், அழிச்சிருங்க என்று பதில், கூடவே கும்பிடுகிற கை ஒன்று.

வெறும் இரைச்சல். அந்த வார்த்தை இப்போதெல்லாம் எனக்கு வேறு எங்கேயோ போய்த் தைக்கிறது. எனக்கு இடது காது கேட்காது, பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்த காய்ச்சலில் போனது, அது எனக்குப் பழகிவிட்டது. கோயிலில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காருவேன், எல்லாரும் என் வலப்பக்கம் இருக்கிற மாதிரி. ஒரு காதை வைத்துக்கொண்டு சத்தத்தைத் தேடுகிற வேலைக்கு வந்தவள் என்று டெரன்ஸ், என் வீட்டுக்காரர், கல்யாணமான புதிதில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் போன வாரம் அந்தக் காது டாக்டர், கண்ணாடிப் பெட்டிக்குள் என்னை உட்கார வைத்து, சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்துங்கம்மா என்றார், நானும் அழுத்தினேன், அழுத்தினேன், அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தேன், இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டே இருந்தார். வலது காதும் குறைய ஆரம்பிச்சிருக்கும்மா என்றார் பிறகு, கீச்சுச் சத்தமெல்லாம் முதல்ல போகும், கனமான சத்தம் கடைசி வரைக்கும் இருக்கும், பயப்படாதீங்க. கீச்சுச் சத்தம் என்றால் ஆவுளியா. எத்தனை மாதமாக நான் அதைக் காதால் கேட்காமல் திரையில் தெரிகிற கோட்டைப் பார்த்தே இருக்கிறது, இருக்கிறது என்று டிக் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் எனக்கு உறைத்தது. டெரன்ஸிடம் சொல்லவில்லை. சாரிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவர்கள் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள், அந்தக் குரல்களை ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு நின்றுவிடுவேன், ச என்கிற எழுத்து மங்கலாக விழுகிறதா, இல்லை நான் அப்படி நினைக்கிறேனா என்று.

சரி, அழுத்துவதற்கு முன்னால் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. அதற்கு ஒரு காரணமும் இல்லை. இரைச்சல் ஃபோல்டரைத் திறந்தேன், எல்லாம் எண்களாகவே பெயர் வைத்த ஃபைல்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றின் மேல் தட்டினேன். கலீல் எழுதி வைத்த சின்ன ப்ளேயர் திறந்தது, அதில் ஓட்டு, நிறுத்து, வேகம் என்று மூன்றே பொத்தான். ஹெட்போனை மாட்டினேன். சொன்ன மாதிரியே தண்ணீர் இரைச்சல், அடுப்பில் எண்ணெய் பொரிகிற மாதிரி இறால்கள், தூரத்தில் எங்கோ ஒரு விசைப்படகு போய் மறைந்தது. மணிக்கணக்கில் ஓடுகிற பதிவு, உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம். வேகத்தைப் பதினாறு மடங்கு கூட்டி ஓட விட்டேன், இரைச்சல் இன்னும் மெல்லிசாகி, சீறலாகி, கடைசியில் எனக்கு எட்டாத மேல்பக்கமாகப் போய்விட்டது. சில மாதங்களுக்கு முன்னால் இது எனக்குக் கேட்டிருக்குமோ, தெரியாது. அதை அப்படியே காதில் ஓட விட்டுவிட்டுக் கட்டளை அடிக்கிற கருப்புத் திரைக்குத் திரும்பினேன், கிட் க்ளீன் என்று அடித்தேன், கட்டாயம் செய் என்பதற்கு ஓர் எழுத்து, ஃபோல்டர்களையும் சேர்த்து என்பதற்கு ஓர் எழுத்து. விரல் நின்றது. அப்புறம் இறங்கியது. பெரிதாக ஏதோ நடக்கும், வரிசையாகப் பெயர்கள் ஓடும், கம்ப்யூட்டர் உறுமும் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. நாலைந்து வரி. நீக்குகிறேன், நீக்குகிறேன், நீக்குகிறேன், நீக்குகிறேன் இரைச்சல். ஒரு மழைக்காலம் முழுவதும் கடலுக்கடியில் ஒரு கருவி கிடந்து கேட்டதெல்லாம் நான் ஒரு மூச்சு விட்டு முடிப்பதற்குள் போய்விட்டது. அழிப்பது இவ்வளவு லேசாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அது கேட்டது.

முதலில் மேல்மாடியில் யாரோ கனமான பீரோவை இழுக்கிறார்கள் என்று நினைத்தேன், ஆனால் எங்களுக்கு மேல் மாடி கிடையாது, மொட்டை மாடிதான். அடுத்து, துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது என்று நினைத்தேன். பிறகு அது மறுபடி வந்தது, ஹெட்போனுக்குள்ளிருந்து, என் ஒற்றைக் காதுக்குள் நேராக. கீழேயிருந்து எழும்பி, ஒரே சீராக நீண்டு, முடிகிற இடத்தில் லேசாக இறங்கி, யாரோ ஒரு பெரிய வார்த்தையைச் சொல்ல வாயெடுத்துவிட்டு, வேண்டாம் என்று மூடிக்கொண்ட மாதிரி. நின்றது. இடைவெளி. நான் எண்ணவில்லை, ஆனால் என் உடம்பு எண்ணிக்கொண்டிருந்தது, இப்போது வரும் என்று அதற்குத் தெரிந்த நேரத்தில் சரியாக வந்தது. அலைக்கு இந்த ஒழுங்கு கிடையாது. எஞ்சினுக்கு ஒழுங்கு உண்டு, ஆனால் எஞ்சின் மூச்சு வாங்காது. இது மூச்சு வாங்கியது. பயிற்சிக்குப் போயிருந்தபோது வேறொரு கடலில் பதிந்ததை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள், நீலத் திமிங்கலம், அதன் குரல் மனுஷக் காதுக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்தது, வேகத்தைப் பல மடங்கு கூட்டினால்தான் கேட்கும் என்று. அன்றைக்குக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். வேகத்தைப் பல மடங்கு கூட்டினால். நான் கூட்டியிருக்கிறேன். தீவுகளுக்கு அப்பால் தரை சட்டென்று சரிந்து இருட்டுக்குள் இறங்குகிற அந்தப் பக்கத்தில், ஒரு சின்னத் தெரு நீளமுள்ள ஓர் உயிர் பேசிக்கொண்டு போயிருக்கிறது, எங்கள் புரோகிராம் அதைக் கேட்டுவிட்டு, இதில் கீச்சு இல்லை, ஒதுக்கு என்று ஒதுக்கியிருக்கிறது. அதை நான் இப்போதுதான் அழித்தேன். அழித்தேன் என்ற எண்ணம் வந்ததும் இன்னோர் எண்ணம் அதன் மேல் ஏறி நின்றது. அழித்துவிட்டேன் என்றால் இப்போது நான் கேட்டுக்கொண்டிருப்பது என்ன?

ஃபோல்டரைப் பார்த்தேன். இல்லை. பெயரைத் தேடினேன். இல்லை. அந்தப் பெயரில் எதுவும் கிடையாது என்று கம்ப்யூட்டர் தெளிவாகச் சொன்னது. காதில் அது மறுபடி எழும்பியது. எனக்குச் சிரிப்பு வந்தது, மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னேன். எதையாவது தொட்டால் நின்றுவிடுமோ என்று கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், தூங்குகிற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. ப்ளேயரின் பச்சைக் கோடு மட்டும் வலது பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தது, அதற்கு ஒரு முடிவு இருக்கிறது என்று அப்போதுதான் கண்ணில் பட்டது, பாதியைத் தாண்டிவிட்டது, பதினாறு மடங்கு வேகத்தில் மிச்சத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. போனை எடுத்துக் கலீலைக் கூப்பிட்டேன். ஒற்றைக் காதில் போனை வைக்க வேண்டுமானால் ஹெட்போனைக் கழற்ற வேண்டும். கழற்ற மனமில்லாமல் அடுத்தது வரும்வரை காத்திருந்து, கேட்டுவிட்டு, கழற்றினேன்.

"சொல்லுங்கக்கா, மீட்டிங்ல இருக்கேன், அஞ்சு நிமிசத்துல கூப்பிடவா?"

"தம்பி, வச்சிராத. இரைச்சல் ஃபோல்டரை அழிச்சிட்டேன்."

"நல்லதுக்கா. நான்தானே அழிக்கச் சொன்னேன்."

"அதுல ஒரு ஃபைல் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. உன் ப்ளேயர்ல. அழிச்ச பெறகும் ஓடுது. அதுல திமிங்கலம் பேசுது கலீல்."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கணம் என் காதுதான் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். பிறகு நாற்காலி தள்ளுகிற சத்தம், கதவு, வெளியே வந்துவிட்டான் போல, அவன் குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"அக்கா, நிறுத்து பட்டனைத் தொட்டிராதீங்க. தொட்டிருக்கீங்களா?"

"இல்ல. எதையும் தொடல. கையைக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

"சரி. கேளுங்க. லினக்ஸ்ல ஒரு ஃபைலை அழிச்சா பெயர்தான் போகும். அதை எந்த புரோகிராமாவது தெறந்து வச்சிருந்தா உள்ள இருக்கறது போகாது. அது கையை விடுற வரைக்கும் இருக்கும். விட்டா அதோட சரி. பதிவு ஓடி முடிஞ்சாலும் என் ப்ளேயர் விட்டிரும். எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"பாதிக்கும் கொறைவு. பதினாறுல ஓடுது."

"வேகத்தை ஒண்ணுக்குக் கொண்டு வாங்க. அப்பதான் நமக்கு நேரம் கிடைக்கும்."

"வேகத்தை மாத்துனா அது ஃபைலை மூடித் தெறக்காதே?"

"மூடாது," என்றான். "நான்தானே எழுதினேன். மூடாதுன்னுதான் நெனைக்கேன்." பிறகு மெதுவாக, "அக்கா, எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. ஆனா வேற வழி இல்ல."

போனை மேசையில் வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினேன். கடைசியாக ஒரு தரம் கேட்டுவிடலாம் என்றுதான். எழும்பியது, நீண்டது, இறங்கியது. வேகம் என்ற பொத்தானின் மேல் கையை வைத்தேன். ஒன்றுக்குக் கொண்டுவந்தால் அது தன் சொந்த உயரத்துக்கு, இல்லை, சொந்த ஆழத்துக்குப் போய்விடும், இந்த ஹெட்போனால் அங்கே போக முடியாது, எனக்குக் கேட்காது. நான் கேட்பதை நிறுத்தினால்தான் அது இருக்கும் என்றால் நான் என்ன செய்ய முடியும். டாக்டரின் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு எதையும் கேட்காமல் விரலை வைத்துக் காத்திருந்தது ஞாபகம் வந்தது. அங்கே சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது, டாக்டர் திருகிக்கொண்டுதான் இருந்தார், கேட்காதது என் பக்கத்து விஷயம். அழுத்தினேன். இரைச்சல் தடித்து, மந்தமாகி, வெறும் தண்ணீராயிற்று. இறால் பொரிந்தது. ஹெட்போனுக்குள் வேறொன்றும் இல்லை. ஆனால் பச்சைக் கோடு நிற்கவில்லை. அங்கேயே நிற்பதைப் போல அவ்வளவு மெதுவாக, ஆனால் நகர்ந்துகொண்டு இருந்தது. "ஓடுது தம்பி," என்றேன் போனை எடுத்து. அவன் மூச்சு விட்டது எனக்கு நன்றாகக் கேட்டது.

அதன் பிறகு அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன், தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு. ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் கம்ப்யூட்டர் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறது, அந்த எண்ணுக்குள் போனால் அது எதையெல்லாம் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று காட்டுகிறது. போய்ப் பார்த்தேன். நாலைந்து உருப்படிகளுக்கு நடுவில் எங்கள் ஃபைல், பழைய பெயரோடு, பக்கத்திலேயே அழிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. இருக்கிறது, அழிக்கப்பட்டது, இரண்டும் ஒரே வரியில். எத்தனையோ வருஷமாக இதில்தான் வேலை செய்கிறேன், இதற்குள் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்து எடுத்து வேறு இடத்தில் காப்பி பண்ணச் சொன்னான். தட்டினேன். கருப்புத் திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் விட்டு விட்டு எரிந்தது, வேறெதுவும் இல்லை. ரொம்பப் பெரிய ஃபைல், பழைய டிஸ்க், நேரமாகும்க்கா, என்றான் கலீல். நேரமாகட்டும் என்றேன். இந்நேரம் கரண்ட் போனால் என்று நினைத்தேன், நினைத்ததையே நினைக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுற்று, சுற்று என்று அதைப் பார்த்துச் சொன்னேன். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது, கேட்டதோ என்னவோ, கதவு திறந்து வெளிச்சம் விழுந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, ஆவுடையப்பன் சார் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக உள்ளே வந்து நேராக என் மேசைக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா, இடம் கிடைச்சுதா? ஏன் இது இன்னும் தெறந்து கெடக்கு?" என்றார். அவருக்கு ஒரு பழக்கம், திரையில் எந்த ஜன்னல் திறந்து கிடந்தாலும் மூடுவார், போகிற போக்கில், வீட்டில் லைட்டை அணைக்கிற மாதிரி. இடது பக்கமாக வந்து நின்றதால் அவர் கை நீண்டதை நான் தாமதமாகத்தான் பார்த்தேன். மவுஸ் மேல் கை போய்விட்டது, அம்பு ப்ளேயரின் மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை நோக்கிப் போகிறது.

"சார், தொடாதீங்க!"

அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அவர் கையைத் தொட்டது கிடையாது, கோப்பை வாங்கும்போதுகூட விரல் படாது. நகம் பதிகிற அளவுக்குப் பிடித்திருந்தேன். அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோபப்படவில்லை, என் முகத்தில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டார் போல, "என்னாச்சு மெல்டா? வீட்டுல எதுவும்..." என்றார். இல்லை சார், என்று சொல்லிவிட்டு, மவுஸை என் பக்கம் இழுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன், முன்னும் பின்னுமாக, அழித்ததை முதலில், கேட்டதைப் பிறகு, பிறகு மறுபடி அழித்ததை. போனிலிருந்து கலீல், சார், அக்கா சொல்றது நெசம், அது முடியற வரைக்கும் எதையும் தொட்டிராதீங்க சார் என்று கத்திக்கொண்டிருந்தான். சார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று பேரும் அந்த வெள்ளைக் கட்டம் அடுத்த வரிக்கு நகரக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் எனக்குள் பயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து நிறைந்தது. எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரத்தில், யாரிடம் பேசியது, பதில் வந்ததா. இந்த நகரம் முழுவதும் மழைக்காலத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது, நான் ஈரத்துணியை அடுப்படியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, இதே கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில். எனக்குப் பிரார்த்தனை செய்ய வேண்டும் போல இருந்தது, ஆனால் கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

கட்டளை முடிந்து அடுத்த வரி வந்தது. சத்தமில்லாமல் வந்தது. அளவைச் சரிபார்த்தேன், ஒரு பைட் குறையாமல் இருந்தது. கலீல் சொன்ன மாதிரி இன்னோர் இடத்திலும் காப்பி எடுத்தேன், அதற்குப் பிறகும் ப்ளேயரை மூட எனக்குத் தைரியம் வரவில்லை, சார்தான், மூடிக்கோம்மா, இருக்குல்லா, என்றார். மூடினேன். பெயரில்லாமல் பிடித்து வைக்கப்பட்டிருந்தது போய்விட்டது, எனக்கு அதற்கும் ஒரு நொடி மனசு அடித்துக்கொண்டது.

பதினாறு மடங்கில் போட்டு ஹெட்போனை அவரிடம் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னால் அது எப்போது வருகிறது என்று அவர் முகத்தில் பார்க்க முடிந்தது, புருவம் மேலே போயிற்று, வாய் கொஞ்சம் திறந்தது, பிறகு இடைவெளி, பிறகு மறுபடி. வேட்டி கட்டிய ஒரு பெரிய மனுஷர் முகம் அப்படிப் பிள்ளை முகமாக மாறுவதை நான் பார்த்ததில்லை. வெகுநேரம் கழித்துக் கழற்றினார்.

"மிச்சம் எவ்வளவு இருந்துது, அந்த ஃபோல்டர்ல?"

"நெறைய சார். எல்லாம் போச்சு. இது ஒண்ணுதான்."

அவர் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நாங்களும்தானே அழிக்கச் சொன்னோம்," என்று மட்டும் சொன்னார். பிறகு, "இதை அதோட நெசமான வேகத்துல போடு பாப்போம்."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் கடல் சத்தத்தைப் போட்டுக் காட்டுவதற்கென்று வாங்கிய பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று அடுத்த அறையில் இருந்தது. அதை நகர்த்திக்கொண்டுவந்து இணைத்தேன், வேகத்தை ஒன்றில் வைத்தேன், சத்தத்தை முழுவதும் கூட்டினேன். தண்ணீர் இரைந்தது. இறால் பொரிந்தது. அது பேசுகிற இடத்துக்குப் பச்சைக் கோடு வந்தது, தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சார் என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. உனக்குக் கேக்குதா?"

இந்தக் கேள்விக்குத்தான் போன வாரத்திலிருந்து பயந்துகொண்டிருந்தேன். சார், எனக்குக் காது குறைந்துகொண்டு வருகிறது, கீச்சுச் சத்தம் இப்போதெல்லாம் கேட்பதில்லை, நான் திரையில் கோட்டைப் பார்த்துத்தான் சொல்லுகிறேன் என்று, எப்படியோ, ஒரே மூச்சில், அந்த இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்திச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வந்து என் வலப்பக்கமாக நின்றுகொண்டார், அவ்வளவுதான் செய்தார். "இது யாருக்கும்தான் கேக்காதே சார்," என்றேன். "கை வச்சுப் பாருங்க."

ஸ்பீக்கரின் முகத்தை மூடியிருந்த துணியைக் கழற்றினேன். உள்ளே கறுப்பாக, அகலமாக, ஒரு தட்டு. உள்ளங்கையை அதன் மேல் படாமல் பட்ட மாதிரி வைத்தேன். சாரும் பக்கத்தில் கையை வைத்தார். முதலில் இறால்களின் குறுகுறுப்பு. அதற்கு அடியில் ஒன்றுமில்லை. அதற்கும் அடியில், காது என்கிற ஒன்றே தேவையில்லாத இடத்திலிருந்து, அந்தத் தட்டு மெல்ல அதிர ஆரம்பித்தது. கை வழியாக, முழங்கை வழியாக, நெஞ்செலும்பு வரைக்கும் வந்து நின்றது. எத்தனை நேரம் நீண்டது என்று தெரியாது, அதன் நேரம் அது, எங்கள் நேரம் இல்லை. பிறகு தளர்ந்து, தட்டு அசைவற்றுப் போயிற்று. சாரின் போன் சட்டைப்பையில் அடித்தது, சென்னை ஆட்களாக இருக்கும், ஸ்டேஷனில் இறங்கியிருப்பார்கள். அவர் அதை எடுக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று, இவ்வளவு நீளமா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது, அதற்குள் அவர் விரல்கள் லேசாக விரிந்தன.

"வருது," என்றார்.